மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை

ஸ்ரீரங்கம்
21.7.2024

அண்ணாவுக்கு வைஜி சேவித்து எழுதுவது.

பெருமாள் கிருபையில் நானும் இவரும் சௌக்கியம். உன் தொண்டைப் புண் ஆறிவிட்டதா, கஞ்சி தவிர வேறு ஏதாவது இறங்குகிறதா, மன்னியின் முழங்கால் எப்படி இருக்கிறது, எல்லாம் விவரமாக எழுது. ஜாஹ்னவியைப் போனில் கேட்டால் "அப்பா நன்னா இருக்கார் அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். டாக்டர் பெண்டாட்டி ஆனதும் பேச்சில் சிக்கனம் வந்துவிட்டது.

ஆபரேஷனில் குரலைக் கொடுத்துவிட்டு வந்தவனோடு போனில் என்ன பேசுவது? வாட்ஸ்அப்பில் நீ தட்டி அனுப்பியதை நானும் இவரும் சேர்ந்து படித்தும் பாதி புரியவில்லை. அதனால் தபால்தான். நாற்பது வருஷம் ஊர் ஊராக உபந்யாசம் பண்ணின ஹயக்ரீவன் கைப்பட எழுதினால் எனக்கு அது பேசுகிற மாதிரியே இருக்கும்.

ஒரு சமாசாரம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெஸ்லின் மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "சரித்திரத்தைப் புஸ்தகத்த மூடி வச்சிட்டு கதையா சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அதுக்குத்தான்" என்றார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். இருபது வருஷமாக ஆண்டுகளையும் போர்களையும் ஒப்பித்து அலுத்துவிட்டது. ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குக் கல்லணை கட்டிய கதையை முதல் வாரம் சொன்னேன். மணி அடித்தும் ஒரு பெண்கூட எழுந்திருக்கவில்லை. உன் ரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது!

அடுத்து என்ன சொல்லலாம்? யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
வைஜயந்தி

•

புணே
4.8.2024

சௌபாக்யவதி வைஜிக்கு ஆசீர்வாதம்.

நான் நலமாகவே இருக்கிறேன். குழைந்த தயிர் சாதம் இறங்குகிறது. மன்னிக்கு மூட்டில் ஊசி போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை சௌரிராஜனை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் குரல் போனது, ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை என்று தோன்றியது. அது பெரிய ஆறுதல் வைஜி. இங்கே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறேன், மன்னி பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

என்ன சொல்லலாம் என்று கேட்கிறாயே, நம் ஊர்க் கதையை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவாய்? டில்லிப் படை வந்த கதையைச் சொல். மூலவருக்கு முன்னால் சுவர் எழுப்பினது, உற்சவர் டில்லிக்குப் போனது, சுல்தான் மகள் அவரோடு விளையாடி, பிரிய மனமில்லாமல் பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்தது. நான் ஏழு நாள் சொல்வேன், நீ இரண்டு வாரத்தில் சொல்லலாம். முதல் வாரம் வடக்கு வாசலில் குதிரைச் சத்தம் கேட்கிற இடத்தில் நிறுத்து. அதற்குமேல் ஒரு சொல் பேசாதே. என் சபையில் அந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் இடம் பிடிக்க மத்தியானமே ஜமக்காளம் போட்டுவிடுவார்கள்.

எப்படி நடந்தது என்று உடனே எழுது.

ஹயக்ரீவன்

•

ஸ்ரீரங்கம்
8.9.2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் க்ஷேமம். உனக்குக் காய்ச்சல் என்று ஜாஹ்னவி சொன்னாள், இப்போது தேவலையா?

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன்! ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டேன். காவிரியில் பரிசல்கள் எல்லாம் அக்கரைக்கு ஓடிப்போனது, கோயிலுக்குள் அடைந்துகொண்ட ஜனங்கள், கைக்குழந்தை அழாமல் இருக்க வாயைப் பொத்தின தாய், இருட்டில் கல் சுமந்து சந்நிதி வாசலை அடைத்தவர்கள். "நம்மவா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுண்டு நிக்கறா. அவா வந்துண்டே இருக்கா" என்று உன் ராகத்திலேயே இழுத்தேன். பெஞ்சில் விரல் முட்டியால் குளம்புச் சத்தம் தட்டினேன், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. முன் வரிசையில் தேவதர்ஷினி அழுதேவிட்டாள். அப்படியே நிறுத்தி, "மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை" என்றேன். வகுப்பே "ஐயோ மிஸ்!" என்று கத்தியது.

வெளியே வந்தபோது சாரா பீவி என்று ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்த வகுப்பில் ஒரே முஸ்லிம் பெண். திருவானைக்காவலில் அவள் அத்தா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் தூக்குகிற கை அவளுடையதுதான். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் என்னாச்சு மிஸ்? எனக்கு மட்டும் சொல்லுங்க மிஸ்" என்று கெஞ்சினாள். "எல்லாருக்கும் ஒரே நாள்தான்டீ" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

நீ நிறுத்தச் சொன்ன இடம் நிறுத்தச் சொன்ன இடம்தான். உடம்பைக் கவனித்துக்கொள்.

வைஜி

•

ஸ்ரீரங்கம்
22.9.2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். உன் பதில் வரவில்லை. காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

மிச்சக் கதை இன்னும் சொல்லவில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு ரிவிஷன் என்று போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். இப்போது பரீட்சை நடக்கிறது. ஆனால் கதை எப்படிப் பிடித்துக்கொண்டது தெரியுமா? இடைவேளையில் குழந்தைகள் அதையே விளையாடுகிறார்கள். ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேப்பமரத்தடியில் செருப்புகளை வரிசையாக வைத்து அதுதான் சுவர். உள்ளே முப்பது பேரும் கைகோத்து நிற்கிறார்கள். வெளியே படை. சாராவைத்தான் படையாக்கியிருக்கிறார்கள். அவள் கிட்டே வந்தால் எல்லோரும் வீல் என்று கத்திக்கொண்டு கதவைச் சாத்துகிற மாதிரி கையை ஆட்டுகிறார்கள். ஒரு படைக்கு ஒரே ஒரு ஆள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெஸ்லின் மேடத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க மேடம், புஸ்தகத்துல படிச்சிருந்தா இப்படி விளையாடுவாங்களா?" என்றேன்.

உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். இத்தனை வருஷத்தில் எனக்கு டீச்சர் வேலை பிடித்திருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

வைஜி

•

புணே
6.10.2024

வைஜிக்கு ஆசீர்வாதம்.

காய்ச்சல் பத்து நாள் படுத்திவிட்டது. இப்போது எழுந்து உட்காருகிறேன். இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் படித்தேன்.

முதல் கடிதத்தில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்ட குழந்தையும், இரண்டாவது கடிதத்தில் செருப்பு வரிசைக்கு வெளியே தனியாக நிற்கிற குழந்தையும் ஒருத்தியேதானே? அவளாக அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாளா?

படுக்கையில் எனக்கு இதே யோசனை. என் முன்னால் ஜமக்காளம் போட்டு உட்கார்ந்தவர்களில் முடிவு தெரியாதவர் ஒருவரும் கிடையாது. சுல்தான் மகள் வருவாள், கோயிலுக்குள்ளேயே அவளுக்குச் சந்நிதி உண்டு, அவளுக்காகப் பெருமாள் ரொட்டி அமுது செய்கிறார் என்று பார்த்து வளர்ந்தவர்கள். முடிவு தெரிந்த தைரியத்தில்தான் அவர்கள் நடுவில் அழுதார்கள். நானும் அந்த தைரியத்தில்தான் நடுவில் நிறுத்தினேன். உன் வகுப்பில் அந்தக் குழந்தைக்கு முடிவு தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைச் சத்தம் மட்டும். உனக்கு எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதே. லீவு முடிந்து ஸ்கூல் திறக்கிற அன்றைக்கே சொல்லிவிடு.

ஹயக்ரீவன்

•

ஸ்ரீரங்கம்
20.10.2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். நீ தேறி வருவது சந்தோஷம். இங்கே விடாத மழை. இவருக்கு இருமல்.

உன் கடிதம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நிறுத்தச் சொன்னவனும் நீதான், இப்போது ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவனும் நீதான். குழந்தைகள் விளையாட்டில் ஒருத்தி திருடன், ஒருத்தி போலீஸ். அதற்கெல்லாம் அர்த்தம் பார்த்தால் ஸ்கூல் நடத்த முடியாது. நான் யாரையும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன்.

பதினொன்றாம் தேதி ஆயுத பூஜை லீவு. பதினெட்டாம் தேதி மழையில் பாதி வகுப்பு வரவில்லை, பாதிப் பேருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். மற்ற பீரியடில் சொல்லலாம் என்றால் பாடம் பின்தங்கிக் கிடக்கிறது, மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். சாராவும் ஒரு வாரமாக வரவில்லை, காய்ச்சலாம். ஊர் முழுக்கத்தான் காய்ச்சல்.

தீபாவளிக்கு மன்னியைப் பட்சணம் எதுவும் பண்ண வேண்டாம் என்று சொல். முழங்காலை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம்.

வைஜயந்தி

•

புணே
2.11.2024

வைஜிக்கும் மாப்பிள்ளைக்கும் தீபாவளி ஆசீர்வாதம்.

மன்னி கேட்கவில்லை, மிக்சர் பண்ணிவிட்டாள். என்னால் சாப்பிட முடியாது, வாசனை பிடித்துக்கொண்டேன். கோபித்துக்கொண்டு முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போட்டுக்கொள், எனக்கும் அது வேண்டியதுதான்.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? திருவானைக்காவல் உனக்கு எத்தனை தூரம்? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

ஹயக்ரீவன்

•

ஸ்ரீரங்கம்
10.11.2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இவருக்கு இருமல் விட்டது. நீ இரண்டாவது ஸ்கேன் எடுத்தாயாமே, முடிவு நல்லபடி வந்ததில் நிம்மதி.

நேற்று முன்தினம் மிச்சக் கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். நீ ஆசைப்பட்ட மாதிரி ஒன்றும் விடாமல் சொன்னேன். டில்லி அரண்மனையில் சுல்தான் மகள் விக்ரகத்துக்குப் பொட்டு வைத்து, பட்டுத்துணி சுற்றி, மடியில் போட்டுத் தாலாட்டினது, பெருமாள் திரும்பியதும் அவள் குதிரையில் ஏறி ராப்பகலாக வந்தது, சந்நிதி வாசலில் ஐக்கியமானது. கடைசியில் எல்லோருக்கும் நானே வீட்டில் பண்ணிக் கொண்டுபோன ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தேன். ஜெஸ்லின் மேடம் வாசலில் நின்று கேட்டார். கை தட்டினார். போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். மற்ற பள்ளி டீச்சர்களுக்கு என்னைக் கதை சொல்லிக் காட்டச் சொல்வார்கள் போலிருக்கிறது.

ஆகவே நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. வெந்நீர் தவிர எதுவும் குடிக்காதே.

வைஜி

•

புணே
20.11.2024

வைஜிக்கு ஆசீர்வாதம். நலம்.

கதை முடிந்ததில் சந்தோஷம். ரொட்டியை வாங்கிக்கொண்டு சாரா என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லை.

ஹயக்ரீவன்

•

ஸ்ரீரங்கம்
12.1.2025

அண்ணாவுக்கு வைஜி அநேக நமஸ்காரம்.

உன் கார்டு வந்து ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். ஜாஹ்னவி போன் பண்ணும்போதெல்லாம் "அப்பா உங்க லெட்டர் வந்துதான்னு எழுதிக் காட்றார் அத்தை" என்றாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

நான் கதையை முடித்த அன்றைக்குச் சாரா வகுப்பில் இல்லை அண்ணா. அதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவள் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆபீஸ் வாசலில் அவள் நின்றதை நான் ஸ்டாஃப் ரூமிலிருந்து பார்த்தேன். அவளும் உள்ளே எட்டிப் பார்த்தாள். யார் என்று எனக்குத் தெரியும். பி.டி.ஏ. மீட்டிங்கில் "எம் பொண்ணு உங்க பேரையே சொல்லிட்டிருக்கா மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவள். நான் தலையைக் குனிந்து பேப்பர் திருத்திக்கொண்டே இருந்தேன். எழுந்து நாலு அடி வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. காரணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அத்தனை கோபமாகப் பதில் எழுதினேன்.

அதன் பிறகும் அவளில்லாத வகுப்பில் ரொட்டி கொடுத்துக் கைதட்டல் வாங்கினேன். அதை உனக்குப் பெருமையாக எழுதினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் பாலக்கரைப் பக்கம் வீடு மாறி, அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள் என்று தேவதர்ஷினிதான் சொன்னாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அரைமணி. அந்த அரைமணி போவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நேற்று முன்தினம் ஏகாதசி லீவு. ஊரே சொர்க்கவாசல் சேவிக்க உள்ளே வந்துகொண்டிருந்தது. இவர் "இன்னிக்குப் போய் யாராவது வெளில கிளம்புவாளோ?" என்றார். கிளம்பிவிட்டேன். கூட்டத்தில் பாலம் வரைக்கும் நடந்தே போய் அதற்கப்புறம்தான் பஸ் பிடித்தேன்.

சின்ன வீடு. சாராவின் அம்மா என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்தாள், பிறகு "வாங்க மிஸ், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ஏகாதசியில்ல, நீங்க ஒண்ணும் சாப்பிட மாட்டீங்களே" என்று அவளே சொல்லி, தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். அவள் திட்டவில்லை. நான்தான் கேட்டேன், ஏன் மாற்றினீர்கள் என்று.

"உங்க மேல ஒரு குறையுமில்ல மிஸ். கத சொன்ன அன்னிக்கு வந்து, 'நம்ம எந்தப் பக்கம்மா?'ன்னு கேட்டா. எந்தப் பக்கமும் இல்லடி, படிக்கிற வேலயப் பாருன்னேன். நான் பொறந்தது திருவானக்கா, அவ அத்தா பொறந்தது திருவானக்கா. வேற எந்தப் பக்கத்தச் சொல்றது? அப்புறந்தான் வெளையாட்டு விஷயத்தச் சொன்னா. தெனமும் அவதான் வெளிய நிக்கணுமாம். ஒரு நாளு நானும் உள்ள வரேன்னு கேட்டிருக்கா. மிஸ் மிச்சக் கதய சொல்லட்டும், அதுல உன்ன உள்ள விட்டா விடுறோம்னு சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம காத்துக் கெடந்தா மிஸ். இன்னிக்கு சொல்லிருவாங்கம்மா, இன்னிக்கு சொல்லிருவாங்கம்மான்னு போவா. அதுக்கப்புறந்தான் காய்ச்சல்னு படுத்துக்க ஆரம்பிச்சா."

மழைக்கு வராத பாதிப் பேருக்காகக் காத்திருந்தேனே, அந்த வெள்ளிக்கிழமை இவள் எதற்காகப் படுத்திருந்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

சாரா உள்ளேயிருந்து வந்தாள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள். "வணக்கம் மிஸ்" என்று சொல்லி அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். புடவைத் தலைப்பைப் பிடிக்கிற பெண் இல்லை இப்போது. "மிச்சக் கதையைச் சொல்லத்தான்மா வந்தேன்" என்றேன்.

"தேவதர்ஷினி போன்ல சொல்லிட்டா மிஸ்" என்றாள். "அந்த இளவரசி கடைசில வாசல்லயே செத்துப்போயிடுவாங்களாமே?" என்று கேட்டாள்.

ஐக்கியமானாள் என்று வகுப்பில் கண் கலங்கச் சொன்னவள் நான். அந்தச் சொல் அங்கே எனக்கு வரவில்லை.

"திரும்பி அவங்க வீட்டுக்குப் போகவே இல்லையா மிஸ்?"

"போகலைம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், பரீட்சையில் விட்டுப்போன விடையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. முடிவைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். இருவருமே அந்தக் கதையை உள்ளே உட்கார்ந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அண்ணா.

கதையை நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "பெரியவங்க அப்படியெல்லாம் சொல்லக் கூடாது மிஸ்" என்றாள். புது ஸ்கூலில் எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். எல்லாப் பாடமும் பிடிக்கிறதாம். சரித்திரம்? "அங்க மிஸ் புஸ்தகத்த வாசிக்கச் சொல்லுவாங்க. அதான் நல்லாருக்கு" என்றாள்.

கிளம்பியபோது "மிஸ்ஸ பஸ்ஸுல ஏத்திவிட்டு வா" என்று அம்மா அனுப்பினாள். ஸ்டாப்பில் நிழலாக இருந்த இடத்தில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவள் வெயிலில் நின்றாள். என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பஸ் தெரிந்ததும் சொன்னாள்:

"நீங்க ரொம்ப நல்லா கத சொன்னீங்க மிஸ். அன்னிக்கு எனக்கே என்னப் பாத்து பயமா இருந்துச்சு."